உஷார்! ஆபரேஷன் படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

“சார், தியேட்டர் ரெடி. பென்சில்ல டிக் போட்டிருக்கிற இடத்துல எல்லாம் ஒரு சைன் பண்ணிடுங்க.”

உள்ளே ஸ்ட்ரெச்சரில் அம்மா. வெளியே பதறிப்போய் நிற்கும் மகன். நர்ஸ் நீட்டுகிற அட்டையில் நாலைந்து தாள்கள் செருகியிருக்கின்றன. எல்லாம் இங்கிலீஷில், பொடி எழுத்தில். நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர். என்ன ஆபரேஷன் என்று எழுத வேண்டிய கோடு காலி. செய்யப்போகும் டாக்டர் பெயருக்கான கோடும் காலி. “இது என்ன சிஸ்டர்?” என்று கேட்டால், “ஃபார்மாலிட்டிதான் சார், எல்லாரும் போடறதுதான்” என்று பதில் வருகிறது. மகன் ஐந்து இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். படுத்திருக்கும் அம்மாவுக்கு நல்ல நினைவு இருக்கிறது, நன்றாகப் பேசுகிறார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்னை முதல் சின்ன டவுன் நர்ஸிங் ஹோம் வரை இது தினமும் நடக்கிறது. படித்தவர், படிக்காதவர், பணம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் இதில் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் எல்லோருக்கும் ஒரே பயம்தான். கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ, வைத்தியத்தில் குறை வைத்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தில் போடும் கையெழுத்து எத்தனை பேரின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டிருக்கிறது என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்புகளே சாட்சி. தயவுசெய்து உஷாராக இருங்கள்.

பரிசோதனைக்குப் போனார், கர்ப்பப்பையை இழந்தார்

1995 மே மாதம். டெல்லியைச் சேர்ந்த 44 வயதுப் பெண், திருமணம் ஆகாதவர். மாதவிடாய் நாட்கணக்கில் நிற்காமல் போகவே ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போகிறார். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்கிறார் மருத்துவர். அந்தப் பரிசோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்தும் போடுகிறார். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டிவரலாம் என்பது வரைதான் படிவத்தில் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கிறார்கள்.

அவர் மயக்கத்தில் கிடக்கும்போது உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த வயதான தாயிடம் கையெழுத்து வாங்குகிறார். மகள் கண் விழித்தபோது கர்ப்பப்பை, சினைப்பைகள், சினைக்குழாய்கள் எல்லாமே அகற்றப்பட்டிருந்தன.

“நோய்க்கு அதுதான் சரியான சிகிச்சை, தாயும் சம்மதித்தார்” என்பது மருத்துவர் தரப்பு வாதம். தேசிய நுகர்வோர் ஆணையம் அதை ஏற்று அந்தப் பெண்ணின் புகாரைத் தள்ளுபடி செய்தது. அவர் விடவில்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளி வயது வந்தவர், சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடியவர், மயக்கம் தற்காலிகமானது, உடனே செய்யாவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலையும் இல்லை. அப்படியிருக்கத் தாயின் கையெழுத்து செல்லாது. மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பதும், சரியான சிகிச்சைதான் என்பதும் சம்மதம் இல்லாத குறையை ஈடுகட்டாது.

பதின்மூன்று ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். ஆபரேஷனுக்கான கட்டணத்தையும் மருத்துவர் வாங்கக் கூடாது என்றார்கள். தொகை சின்னதுதான். ஆனால் இன்று இந்தியாவில் ஒவ்வொரு நோயாளிக்கும் உள்ள சம்மத உரிமைக்கு அந்தத் தீர்ப்புதான் அஸ்திவாரம்.

பயாப்ஸி என்றார்கள், கால்கள் போயின

ஹைதராபாத்தில் 1990இல் நடந்தது இன்னும் கொடுமை. விட்டு விட்டு வந்த காய்ச்சலுக்காக 20 வயது இன்ஜினீயரிங் மாணவர் ஒருவர் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்துக்குப் போனார். மார்புக்குள் கட்டி இருப்பது தெரிந்தது. சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கு என்று சம்மதம் வாங்கினார்கள். தியேட்டருக்குள் கட்டியையே முழுதாக அகற்றிவிட்டார்கள். கட்டி முதுகுத்தண்டை ஒட்டி இருந்தும், நரம்பியல் அறுவை மருத்துவரை அழைக்கவில்லை. வெளியே வந்தபோது இடுப்புக்குக் கீழே இளைஞருக்கு உணர்ச்சியே இல்லை.

சக்கர நாற்காலியில் வந்து தன் வழக்கைத் தானே வாதாடினார் அவர். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தை இன்னொன்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, 2009இல் ஒரு கோடி ரூபாய் இழப்பீடும் வட்டியும் கொடுக்க உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம்.

இதே நிலைமை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம். ‘சும்மா ஆஞ்சியோகிராம்தான்’ என்று அழைத்துப்போவார்கள். பாதியில் ஒருவர் வெளியே வந்து, “அடைப்பு இருக்கு, இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா? சீக்கிரம் சொல்லுங்க” என்பார். உயிருக்கு ஆபத்தான அடைப்பாக இருந்தால் உடனே வைப்பதுதான் சரி. மாரடைப்பு நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆனால் நெஞ்சு வலியே இல்லாமல் முன்கூட்டி நாள் குறித்துப் போன பரிசோதனை என்றால், உள்ளே போகும் முன்பே பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். “அடைப்பு இருந்தால் என்ன செய்வீர்கள்? உடனே வைப்பீர்களா, வெளியே வந்து யோசிக்க அவகாசம் உண்டா? மாத்திரையில் சமாளிக்க முடியுமா?” இவற்றை முந்தின நாளே கேளுங்கள். நோயாளியின் பதிலைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

யார் கையெழுத்து செல்லும்?

18 வயது நிரம்பி, நல்ல நினைவோடு இருக்கும் நோயாளி தனக்குத் தானே முடிவெடுக்க வேண்டும். கணவர், மகன், அண்ணன், மாமனார் யாராக இருந்தாலும் அவருக்குப் பதிலாகச் சம்மதம் கொடுக்க முடியாது. சாட்சியாகக் கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான். நம் வீடுகளில் பெண்களின் உடம்பைப் பற்றிப் பெண்களிடம் மட்டும் கேட்பதில்லை. “கர்ப்பப்பையை எடுத்துடலாம், இனிமே அது எதுக்கு?” என்று வெளியே நிற்கும் கணவரிடம் பேசி முடித்துவிடுகிறார்கள். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் மட்டும் மூன்று ஆண்டுகளில் 4,605 பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாக அந்த மாநில அரசே 2019இல் தெரிவித்தது. கரும்பு வெட்டப் போகும் ஏழைப் பெண்கள் நிறைந்த மாவட்டம் அது. புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தியே பலரைச் சம்மதிக்க வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பயமுறுத்தி வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை.

கருக்கலைப்புக்கும் இது பொருந்தும். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் எங்குமே கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் கணவரோ உறவினரோ கையெழுத்திட்டு அதைச் செய்யவும் முடியாது.

குழந்தைகளுக்குப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் சம்மதம் கொடுக்க வேண்டும். அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் ஹெச்பிவி தடுப்பூசித் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். 10 முதல் 14 வயதுச் சிறுமிகள், பலர் பழங்குடி மாணவிகள். நாடாளுமன்ற நிலைக்குழு பிறகு பார்த்த 9,543 படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948இல் வெறும் கைநாட்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் நல்ல தடுப்பூசி அது. குற்றம் ஊசியில் இல்லை. மகளுக்கு என்ன ஊசி போடுகிறார்கள் என்று பெற்றவர்களிடம் கேட்காமல் போட்டார்களே, அதுதான் குற்றம்.

பெற்றோரின் சம்மதத்துக்கும் எல்லை உண்டு என்று நம் மண்ணிலிருந்தே ஒரு தீர்ப்பு வந்தது. ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத பாலுறுப்புகளோடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே ஆபரேஷன் செய்து ‘சரிசெய்யும்’ வழக்கத்தை, 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடுத்தது. பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றது. உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு அதற்கு அரசாணையும் போட்டது.

என்னவெல்லாம் சொல்ல வேண்டும்?

நோயாளி தெரிந்துகொள்ள வேண்டியவை எவை என்று 2008 தீர்ப்பு வரிசைப்படுத்தியிருக்கிறது. செய்யப்போவது என்ன, எதற்காக, அதனால் என்ன நன்மை, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, செய்யாமல் விட்டால் என்ன ஆகும். லட்சத்தில் ஒருவருக்கு வரக்கூடிய அபூர்வமான ஆபத்தையெல்லாம் சொல்லி நோயாளியைக் கலங்கடிக்கத் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

இதைக் கேள்விகளாக மாற்றி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. எனக்கு என்ன நோய்? அது உறுதியா, சந்தேகமா?
2. நீங்கள் சொல்லும் ஆபரேஷனில் எந்த உறுப்பைத் தொடுவீர்கள், எதை எடுப்பீர்கள்?
3. மருந்து, பிசியோதெரபி, காத்திருந்து பார்ப்பது என்று வேறு வழி இருக்கிறதா?
4. என் வயசுக்கும், சர்க்கரை, பிரஷர் நிலைமைக்கும் எனக்குள்ள முக்கிய ஆபத்து என்ன?
5. இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒரு வாரம் தள்ளினால் ஆபத்தா?
6. ஆபரேஷன் செய்யப்போவது நீங்களா, வேறு டாக்டரா? மயக்க மருந்து கொடுப்பவர் யார்?
7. உள்ளே எதிர்பாராமல் வேறு ஏதாவது தெரிந்தால், என்னைக் கேட்காமல் எதுவரை போவீர்கள்?

ஏழாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். டெல்லிப் பெண்ணுக்கும் ஹைதராபாத் மாணவருக்கும் நடந்தது அந்த இடத்தில்தான்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலிலேயே அது இருக்கிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொடுக்க மறுக்கக் கூடாது.

ஆபரேஷனுக்கு முந்தின ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஹெச்ஐவி சோதனைக்கு, விஷயத்தைச் சொல்லி நோயாளியின் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் ஹெச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். ரத்தம் எடுக்கும் பட்டியலோடு பட்டியலாகச் சொல்லாமல் சேர்த்துவிடக் கூடாது.

வெற்றுப் படிவம் வேண்டவே வேண்டாம்

கோடிட்ட இடங்கள் காலியாக இருக்கும் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் போட்ட பிறகு அதில் யார் எதை எழுதினாலும் அதை எழுதியபோது நீங்கள் அங்கே இல்லை என்று நிரூபிப்பது பெரும்பாடு. எல்லா ஆபரேஷனுக்கும் ஒரே அச்சடித்த படிவத்தை வைத்துக் கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்பும் வழக்கத்தை, நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் கண்டித்தது.

படிவம் இங்கிலீஷில் இருந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால், டாக்டரையே உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘தமிழில் விளக்கப்பட்டது’ என்று அதில் எழுதி, தேதி, நேரம் போட்டு அவரும் கையெழுத்திடட்டும். உங்கள் செல்போனில் அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். “எது நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல” என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வரியைக் காட்டி அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து யாரும் தப்பிவிட முடியாது.

ஒரு விலக்கை மறக்கவே கூடாது. விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு போன்ற அவசரத்தில் உயிரைக் காப்பதுதான் முதல் வேலை. அங்கே நின்று ஏழு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நோயாளி பேச முடியாமல், உறவினரும் அருகில் இல்லாமல் இருந்தால், கையெழுத்துக்காகக் காத்திருக்காமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம், தொடங்க வேண்டும். போலீஸ் வரட்டும் என்று சொல்லி, அடிபட்டவரை எந்த ஆஸ்பத்திரியும், அரசோ தனியாரோ, திருப்பி அனுப்பக் கூடாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டிஸ்சார்ஜ் ஆனதும் கடமை முடிவதில்லை

1996இல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் குறைமாதத்தில், 29ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கும் அனுப்பினார்கள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

இப்படிக் குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜனில் இருந்த குழந்தைகளுக்கு விழித்திரை கெடும் அபாயம் உண்டு. பிறந்து நான்கு வாரம் அளவில் கண் டாக்டர் பார்த்துவிட்டால், லேசர் வைத்துப் பார்வையைக் காப்பாற்றலாம். அந்தப் பெற்றோரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. சில மாதம் கழித்து வேறொரு டாக்டர் கண்டுபிடித்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை.

தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்தத் தந்தை உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015இல், மகளுக்குப் பதினெட்டு வயது ஆகும்போது, சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை இந்த உலகத்தைப் பார்த்திருக்கும். எந்தக் கோடி அதைத் திருப்பிக் கொடுக்கும்?

அதனால் டிஸ்சார்ஜ் அன்று பில்லைக் கட்டிவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடாதீர்கள். அடுத்து எப்போது வர வேண்டும், எந்தப் பரிசோதனை பாக்கி, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். வீட்டில் குறைமாதக் குழந்தை இருந்தால், கண் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று இன்றே பாருங்கள்.

தவறு நடந்துவிட்டால்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். தகுதியுள்ள ஒரு மருத்துவர் காட்ட வேண்டிய சாதாரண அக்கறையும் திறமையும் இருந்ததா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. குற்றவியல் வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் இருந்திருக்க வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆத்திரத்தில் ஆஸ்பத்திரி கண்ணாடியை உடைத்தால் உங்கள் மேல்தான் வழக்கு பாயும், உங்கள் பக்கத்து நியாயமும் போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். கேஸ் ஷீட், சம்மதப் படிவம், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு எல்லாவற்றின் நகலையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஆவணங்களை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. கடிதத்தை நேரில் கொடுத்துச் சீல் போட்ட நகல் வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2019 சட்டத்திலும் அது தொடர்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருத்துவரின் தொழில் நடத்தை பற்றிய புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே நடந்த தவறுக்கு உயர் நீதிமன்றம் போகலாம், மாநில மனித உரிமை ஆணையத்தில் முறையிடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

இன்றே செய்ய வேண்டியது

மருத்துவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் சொல்லவில்லை. வெளிநோயாளிகள் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேச முடியாது என்பது உண்மைதான். ஆனால் உடம்பைத் திறக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குவது சலுகை இல்லை, சட்டம் விதித்த கடமை. விளக்கிச் சொல்லும் மருத்துவரை எந்தக் குடும்பமும் பிறகு கோர்ட்டுக்கு இழுக்க நினைப்பதில்லை. எல்லா மருத்துவமனைகளிலும் சம்மதப் படிவம் தமிழில், பெரிய எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கட்டாயமாக்க வேண்டும். இங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ள வருகிற ஜனங்கள் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுக்குப் புரியாத தாளில் வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆபரேஷன் நாள் குறித்திருந்தால், அந்தப் படிவத்தை முந்தின நாளே கேட்டு வாங்குங்கள். வரிக்கு வரி அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு என்ன பயம், என்ன சந்தேகம் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், டாக்டர் முன்னால் அவர்களையே பேசவிடுங்கள். உடம்பு அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது.